கூன் விழுமுன்



காசநோய் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் தோன்றுவன இருமலும் சளியும் மெலிந்து குழிவிழுந்த மார்புமே ஆகும். சயரோகம் என்று சொன்னாலும் கசரோகம் என்று சொன்னாலும், அது சுவாசப்பைக்கு வரும் நோய் என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றனர். அந்த எண்ணத்திற் பெரும்பகுதி உண்மைதான். ஆயினும், அந்நோயை உண்டாக்கும் கிருமி எப்பொழுதும் சுவாசப்பையோடு நின்றுவிடுவதில்லை. குருதியோட்டத்தின் வழியே சென்று எலும்பிலும் மூட்டிலும் அது குடிகொள்வதுண்டு. அவ்வாறு எலும்பையும் மூட்டையும் தாக்கும் காசநோயில் ஏறக்குறைய அரைப்பங்கு முள்ளந்தண்டையே பற்றுகின்றது. இருமல் இன்றியும் சளி இன்றியும் இந்நோய் வரக்கூடும். ஆதலால், முதுகிலே கூன் விழும்வரை இதனை இன்னதென்று அறியாதவர்கள் பலர். இந்நோய் எவ்வாறு உண்டாகின்றது, முன்னாளில் அதற்கு என்ன செய்தார்கள், இந்நாளில் நாம் என்ன செய்யவேண்டும் என்பனவற்றை இன்றைய பேச்சில் ஆராய்வோம்.

முதலில் முள்ளந்தண்டின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். கழுத்தில் 7, மார்பின் பின்புறத்தில் 12, இடுப்பில் 5 ஆக 24 முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்குக் கீழே ஒன்றோடொன்று இணைந்துபோன எலும்புகள் சில உள. ஒவ்வொரு முள்ளெலும்பின் முற்பகுதியும் உருளை வடிவான திரண்ட எலும்பாகும். நம் உடற்பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் அப்பகுதியே. இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போன்ற தட்டு ஒன்று இருக்கின்றது. முற்பகுதிக்குப் பின்னால் மேலிருந்து கீழாகச் செல்லும் குழாய் போன்ற வழி உண்டு. அதனுள்ளேதான், மூளையின் கட்டளைகளைக் கை கால்களுக்குக் கொண்டுசெல்லும் முண்ணாண் பாதுகாப்பாக அமைந்திருக்கின்றது.

காசநோய்க் கிருமி பெரும்பாலும் மூச்சின் வழியாகவே உடலுக்குட் புகுகின்றது. சுவாசப்பையிலே காசநோய் உள்ள ஒருவர் இருமும்பொழுது வெளிவரும் நுண்ணிய துளிகளை அருகில் இருப்பவர் சுவாசிக்கின்றார். அவ்வாறு கிருமி புகுந்தவர்களிற் பெரும்பாலோருக்கு நோய் உண்டாவதில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தி கிருமியை அடக்கி வைத்துவிடுகின்றது. அடக்கப்பட்ட கிருமி இறந்துவிட்டதென்று கொள்ளலாகாது. அது பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, உடல் தளர்ந்த வேளையில் விழித்தெழக்கூடும். போசாக்குக் குறைவு, நீரிழிவு, எச்.ஐ.வி. தொற்று, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகள் ஆகியன அதற்கு வழிவகுப்பன.

குருதியோடு முள்ளந்தண்டை அடைந்த கிருமி, பெரும்பாலும் மார்பின் கீழ்ப்பகுதியிலோ இடுப்பின் மேற்பகுதியிலோ, தட்டை ஒட்டிய எலும்பில் தங்குகின்றது. அங்கே மெல்ல மெல்ல எலும்பு அரிக்கப்படுகின்றது. அடுத்தடுத்துள்ள இரண்டு முள்ளெலும்புகள் முன்புறத்தில் இவ்வாறு நலிந்துவிட, பின்புறம் உறுதியாகவே இருக்கின்றது. செல்லரித்த தூண் மேலிருக்கும் பாரத்தைத் தாங்கமாட்டாமல் ஒருபக்கம் சாய்வதுபோல, முள்ளந்தண்டு முன்னோக்கி மடிகின்றது. அப்பொழுது முதுகின் நடுவே எலும்பு புடைத்துத் தோன்றும். அதுவே கூன். நோயுற்ற இடத்திற் சேரும் சீழ் தசைகளின் வழியே கீழிறங்கி, நோயிலிருந்து வெகு தூரத்திலுள்ள அரையிலோ தொடையிலோ வீக்கமாக வெளிப்படுவதும் உண்டு. சாதாரணக் கட்டியைப்போல அது சிவப்பதுமில்லை; சுடுவதுமில்லை. ஆகையால் அதனை வைத்தியர்கள் குளிர்ந்த கட்டி என்று அழைப்பர். சீழும் சிதைந்த எலும்பும் முண்ணாணை நெருக்குமாயின் கால்கள் வலுவிழக்கும், நடை தள்ளாடும், முடிவில் இடுப்புக்குக் கீழ் இயக்கமே அற்றுப்போகவும் கூடும்.

இந்நோய் மனிதனுக்குப் புதியதன்று. எகிப்து நாட்டில் கி.மு. 1000ஆம் ஆண்டையொட்டி வாழ்ந்த நெஸ்பரெஹான் என்ற பூசகரின் பதனிட்ட உடலை, 1910ஆம் ஆண்டில் எலியட் சிமித், ரபர் என்னும் அறிஞர் இருவர் ஆராய்ந்து விவரித்தனர். முதுகு கூனியிருந்ததையும், முள்ளந்தண்டிலிருந்து தசைவழியே சீழ் இறங்கியிருந்த அடையாளத்தையும் அவர்கள் அங்கே கண்டனர். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் இந்நோய் இன்று காட்டும் அதே குறிகளையே காட்டியிருக்கின்றது. ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப் 1688ஆம் ஆண்டிற் பிறந்தவர். இளமையிலே முள்ளந்தண்டைப் பற்றிய காசநோயினால் அவருடைய வளர்ச்சி தடைப்பட்டது. ஏறக்குறைய 4 அடி 6 அங்குல உயரமும் கூனிய முதுகும் கொண்டவராகவே அவர் வாழ்ந்து, 1744ஆம் ஆண்டில் மறைந்தார்.

1779ஆம் ஆண்டில் இலண்டன் நகரத்துச் சத்திர வைத்தியர் பேர்சிவல் பொட் என்பவர், முதுகு வளைவோடு சேர்ந்து வரும் கால் முடக்கத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அன்றுமுதல் இந்நோய்க்கு மேலைநாட்டு வைத்திய நூல்களில் பொட்டின் நோய் என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆயினும் அதன் காரணம் அவர் காலத்திற் புலப்படவில்லை. 1882ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24ஆந் திகதி, பேர்லின் நகரில் ரொபேட் கொக் என்ற அறிஞர் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த செய்தியை அறிவித்தார். ஆண்டுதோறும் அத்திகதியே உலகக் காசநோய் தினமாகக் கொண்டாடப்படுகின்றது. 1895ஆம் ஆண்டில் எக்ஸ் கதிர்கள் கண்டுபிடிக்கப்பட்டபின், உயிருள்ள மனிதரின் முள்ளந்தண்டில் நேரும் அழிவைக் கண்ணாற் காணும் வாய்ப்பும் கிட்டியது.

காரணம் தெரிந்தது, படமும் கிடைத்தது. ஆனால், கிருமியைக் கொல்லும் மருந்து அப்பொழுது இல்லை. ஆகவே, முள்ளந்தண்டை அசையாமல் வைத்திருந்தால் எலும்பு தானாகவே ஆறக்கூடும் என்ற நம்பிக்கையில் நோயாளரைப் படுக்கையிற் கிடத்தினார்கள். சிறுவர்களும் சிறுமிகளும் பரிஸ் சாந்தினால் வார்த்த தொட்டில் போன்ற படுக்கைகளில், மல்லாந்தபடியே மாதக்கணக்காக, சிலவேளை ஆண்டுக்கணக்காகக் கிடந்தனர். அவர்களுடைய பாடசாலைப் பருவம் வைத்தியசாலைக் கூரையைப் பார்த்தபடியே கழிந்தது. 1911ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்துச் சத்திர வைத்தியர்களான ஹிப்ஸ், அல்பீ என்னும் இருவரும் முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று இணைத்து ஒட்டவைக்கும் சத்திர சிகிச்சை முறைகளைத் தனித்தனியே வெளியிட்டனர். அது ஒரு முன்னேற்றமே. என்றாலும், எலும்பினுள் இருந்த கிருமியை அது அழிக்கவில்லை.

உண்மையான மாற்றம் மருந்துகளோடுதான் வந்தது. 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே, வக்ஸ்மன் என்ற பேராசிரியரின் ஆய்வுகூடத்தில் ஷட்ஸ் என்ற இளைஞர் ஸ்ரெப்டோமைசின் மருந்தைப் பிரித்தெடுத்தார். 1952ஆம் ஆண்டில் ஐசோனியசிட் என்ற குளிசை வழக்கிற்கு வந்தது. விலை குறைந்ததும் வாயால் உட்கொள்ளத்தக்கதுமான அம்மருந்து பல்லாயிரவரின் விதியை மாற்றியது. இவ்விடத்தில் ஒரு கேள்வி எழுந்தது. கிருமியை மருந்து கொல்லுமாயின், நோயாளர் படுக்கையிலேயே கிடக்கவேண்டியது அவசியந்தானா?

சுவாசப்பைக் காசநோயைப் பொறுத்தவரை அதற்கு விடை தந்தது நம் அயலிலுள்ள மெட்ராஸ் நகரமாகும். அங்கே 1956ஆம் ஆண்டிற் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு நிலையம் நிறுவப்பட்டது. நோயாளரிற் சிலரைச் சுகவாச நிலையத்திலும், ஏனையோரை நெருக்கடி மிகுந்த தம் சொந்த வீடுகளிலும் வைத்து, இருசாராருக்கும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்து ஒப்பிட்டனர். 1959ஆம் ஆண்டில் அதன் முடிவு வெளியாயிற்று. வீட்டில் இருந்தோர் எளிய உணவையே உண்டனர். போதிய ஓய்வும் அவர்களுக்குக் கிட்டவில்லை. எனினும், அவர்களும் மற்றையோரைப் போலவே குணமடைந்தனர்.

முள்ளந்தண்டைப் பற்றிய விடை கொரியாவிலிருந்து கிடைத்தது. பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் குழுவொன்று, மசான் நகரில் நோயாளரிற் சிலரை முதல் ஆறு மாதம் வைத்தியசாலைப் படுக்கையில் வைத்தது. மற்றையோரைத் தொடக்கத்திலிருந்தே நடமாட விட்டது. பூசான் நகரிலோ சிறுவர் சிலருக்குச் சாந்துக் கவசம் அணிவித்தது, ஏனையோருக்கு அணிவிக்கவில்லை. எல்லோருக்கும் மருந்து உரியபடி கொடுக்கப்பட்டது. 1973ஆம் ஆண்டில் வெளியான அறிக்கைகள், படுக்கையினாலோ சாந்துக் கவசத்தினாலோ மேலதிக நன்மை எதுவும் விளையவில்லை என்று காட்டின. ஒழுங்காக மருந்துண்டு நடமாடித் திரிந்தவர்களும் ஒருங்கே குணம் பெற்றனர். எத்தனையோ குழந்தைகளை அந்தச் சாந்துத் தொட்டிலிலிருந்து விடுவித்த செய்தி அது.

அப்படியாயின் இன்றும் ஏன் சிலர் கூனர்களாகின்றனர்? ஏன் சிலர் கால் வழங்காதவர்களாகின்றனர்? நேயர்களே, இப்பேச்சின் சாரம் இக்கேள்விக்கான விடையிலேயே அடங்கியிருக்கின்றது. மருந்து கிருமியைக் கொல்லும். மடிந்துபோன எலும்பை அது நிமிர்த்தமாட்டாது. கூன் விழுமுன் மருந்து தொடங்கியவர் நிமிர்ந்த முதுகோடு குணமடைவார். கூன் விழுந்தபின் தொடங்கியவர் நோயிலிருந்து விடுபடுவார். ஆயின், கூனோடுதான் விடுபடுவார். தாமதத்தின் விலை அதுவே.

தாமதம் ஏன் நேர்கின்றது? நோய் தொடங்கும்பொழுது முதுகுவலி ஒன்றே தெரியும். முதுகுவலி இல்லாதவர் யார்? வயலில் வேலைசெய்பவர், மூட்டை சுமப்பவர், கொழுந்துக்கூடை தூக்குபவர், நாள்முழுதும் தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்திருப்பவர் ஆகிய எல்லோருக்கும் அது பழகிய துன்பம். வாயு என்றும், பிடிப்பு என்றும், சில மாதங்களுக்கு முன் விழுந்த விழுக்காட்டின் பயன் என்றும் சொல்லிக்கொண்டு நாளைக் கடத்துகின்றோம். எண்ணெய் பூசுகின்றோம், தசையை உருவிவிடுகின்றோம். நம் ஊர்களிலுள்ள முறிவு நெரிவு வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாகப் பெற்ற கைத்திறன் படைத்தவர்கள். எலும்பு முறிந்தவர்களுக்கும் மூட்டு விலகியவர்களுக்கும் அவர்கள் செய்துவந்த உதவியை நாம் மறத்தலாகாது. ஆனால், இங்கே எலும்பு முறியவில்லை, கிருமியால் அரிக்கப்பட்டுக்கொண்டிருக்கின்றது. அரிக்கப்பட்ட முள்ளந்தண்டை அழுத்துவதும் வளைத்துச் சொடுக்குவதும் பெருந்தீங்காய் முடியக்கூடும். நோயின் குறிகளை அறிந்த நல்ல வைத்தியர் எம்முறையைச் சார்ந்தவராயினும், இத்தகையோரைத் தாமே வைத்தியசாலைக்கு அனுப்பிவைப்பார்.

சாதாரண முதுகுவலியிலிருந்து இதனைப் பிரித்தறிவது எவ்வாறு? உழைப்பினால் வரும் வலி பெரும்பாலும் ஓய்வெடுக்கக் குறையும். சில வாரங்களில் மாறிவிடும். காசநோயால் வரும் வலி வாரம் செல்லச்செல்ல வளரும், படுத்தாலும் விடாது, இரவில் மிகும். அதனோடு மாலைதோறும் மெல்லிய காய்ச்சல், இரவில் வியர்வை, பசியின்மை, உடல் மெலிவு ஆகியனவும் சேரலாம். இவையெல்லாம் எல்லோரிடத்திலும் காணப்படும் என்பதில்லை. சிலரிடம் முதுகுவலியைத் தவிர வேறெந்தக் குறியும் இராது. முதுகின் ஓரிடத்திலே எலும்பைத் தட்டினால் நோவெடுப்பதும், முதுகு பலகைபோல விறைத்திருப்பதும் முக்கியமான அடையாளங்கள்.

குழந்தைகளைப் பற்றித் தாய்மார் சிறப்பாகக் கவனிக்கவேண்டும். குழந்தை தனக்கு முதுகு நோகின்றது என்று சொல்லத் தெரியாமல் இருக்கலாம். விளையாட்டில் விருப்பம் குறைந்து, ஓரிடத்தில் அமர்ந்திருக்கும். நித்திரையில், விறைத்திருந்த தசைகள் தளரும்பொழுது எழும் வலியினால் திடுக்கிட்டு அலறும். பேய்க்கோளாறு என்று நூல் கட்டுவோரும் உளர். பழைய வைத்தியர்கள் கையாண்ட எளிய சோதனை ஒன்று உண்டு. நிலத்தில் ஒரு நாணயத்தைப் போட்டு, அதனை எடுக்குமாறு குழந்தையிடம் சொல்லுங்கள். சுகமான குழந்தை முதுகை வளைத்துக் குனிந்து எடுக்கும். முள்ளந்தண்டில் நோயுள்ள குழந்தையோ முதுகை நேராக வைத்தபடி, முழங்கால்களை மடித்துக் கீழே இருந்து, ஒரு கையைத் தொடையில் ஊன்றியபடி எடுக்கும். இதனால் மாத்திரம் நோயைத் தீர்மானித்துவிட முடியாது. ஆனால், வைத்தியரிடம் செல்லவேண்டும் என்பதைத் தீர்மானிக்க இது போதும்.

வேறு மூட்டுக்களிலும் இக்கிருமி தங்குவதுண்டு. இடுப்பு மூட்டிலே தங்கினால் குழந்தை நொண்டி நடக்கும். விந்தை என்னவெனில், நோய் இடுப்பில் இருக்கக் குழந்தை முழங்காலைக் காட்டி அழுவதும் உண்டு. அடிபடாமல் ஒரே முழங்கால் மட்டும் மாதக்கணக்காக வீங்கியிருப்பதும் ஐயுறவுக்குரியது.

வைத்தியர் முதலில் எக்ஸ் கதிர்ப் படம் எடுப்பிப்பார். எலும்பு கணிசமான அளவு அழிந்தபின்பே அப்படத்தில் மாற்றம் தெளிவாகும். ஆதலால், முதற்படத்தில் ஒன்றும் இல்லையென்று கேட்டவுடன் மனம் ஆறி வீட்டில் இருந்துவிடலாகாது. வலி தொடர்ந்தால் மீண்டும் செல்லவேண்டும். காந்த அலைகளைக்கொண்டு எடுக்கும் படம் நோயை மிக முன்னதாகவே காட்டவல்லது. நோயுற்ற இடத்திலிருந்து ஊசியினால் சிறிது திசுவை எடுத்து ஆராய்ந்தால், கிருமி இருப்பதையும், அது எம்மருந்துக்குக் கட்டுப்படும் என்பதையும் அறியலாம்.

சிகிச்சை பெரும்பாலும் நான்கு மருந்துகளோடு தொடங்கும். ஐசோனியசிட், ரிபாம்பிசின், பிரசினமைட், எதம்பியூட்டோல் என்பன அவை. சில மாதங்களின்பின் மருந்துகளின் தொகை குறைக்கப்படும். எலும்பிலுள்ள கிருமியை வேரோடு களையப் பல மாதங்கள், பெரும்பாலும் ஓராண்டுவரை மருந்துண்ண வேண்டியிருக்கலாம். காலத்தை வைத்தியரே வரையறுப்பார். ரிபாம்பிசின் உண்பவரின் சிறுநீர் செம்மஞ்சள் நிறமாகும். அதனைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. ஆனால், கண் மஞ்சளிப்பது, ஓயாத வாந்தி, பார்வை மங்குவது ஆகியன தோன்றினால் உடனே வைத்தியருக்கு அறிவித்தல்வேண்டும்.

இங்கே இன்னொரு பள்ளம் உண்டு. மருந்து தொடங்கிச் சில வாரங்களில் வலி குறையும், பசி எடுக்கும், உடல் தேறும். நோய் போய்விட்டதென்று எண்ணிப் பலர் அப்பொழுதே குளிசையை நிறுத்திவிடுகின்றனர். இறந்தவை போக எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகும். அவை அம்மருந்துகளுக்கு அடங்காதனவாக மாறவும் கூடும். முதலில் எளிதாய் இருந்த நோய் பின்னர் கடினமாவது இவ்வாறே. வீட்டில் ஒருவர் பொறுப்பேற்று, நாள்தோறும் நோயாளர் மருந்து விழுங்குவதைக் கண்ணாற் பார்ப்பது நன்று.

சத்திர சிகிச்சை எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. கால்கள் வலுவிழந்து செல்லுமாயின், முள்ளந்தண்டு நிலைகுலைந்திருக்குமாயின், கூன் பெருகும் அபாயம் இருக்குமாயின் அது தேவைப்படலாம். 1956ஆம் ஆண்டளவில் ஹொங்கொங்கிலே ஹொட்சன் என்பவரும் அவர்தம் துணைவரும், நோயுற்ற எலும்பை முன்புறமாக அணுகி அகற்றி, அவ்விடத்தில் நல்ல எலும்பை வைத்து ஒட்டும் முறையை வளர்த்தனர். இக்காலச் சிகிச்சைகள் அவ்வழியில் மேலும் வளர்ந்தவை. கால் வழங்காமற் போனவர்களும் நம்பிக்கை இழக்கவேண்டியதில்லை. காலம் தாழ்த்தாமற் சிகிச்சை பெற்றவர்களிற் பெரும்பாலோர் மீண்டும் எழுந்து நடந்திருக்கின்றனர்.

குழந்தைகளுக்கு இன்னொரு கவனமும் வேண்டும். மெட்ராஸ் ஆய்விலே குணமடைந்த குழந்தைகளைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து நோக்கிய கோயம்புத்தூர்ச் சத்திர வைத்தியர் எஸ். ராஜசேகரன், 2001ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். கிருமி முற்றாக அழிந்தபின்பும், வளர்ச்சியின் காரணமாகச் சிலரிற் கூன் பெருகியது. வேறு சிலரில் அது குறைந்தது. ஆகவே, மருந்து முடிந்ததும் வைத்தியசாலையை மறந்துவிடாமல், குழந்தையின் வளர்ச்சி முடியும்வரை ஆண்டுதோறும் காட்டுவது அவசியம்.

இறுதியாக, நோயினும் கொடிதான ஒன்றைப்பற்றிச் சொல்லவேண்டும். காசநோய் என்ற பெயரைச் சொல்ல நம் குடும்பங்கள் கூசுகின்றன. பெண்ணுக்கு வரன் தேடும் வீட்டில் அச்சொல் வாசற்படி தாண்டுவதில்லை. அயலவர் அறிந்துவிடுவார்கள் என்று அஞ்சி, அண்மையிலுள்ள சிகிச்சை நிலையத்தை விட்டுத் தொலைவூர் செல்வோரும், எங்கும் செல்லாமலே இருப்போரும் உளர். முள்ளந்தண்டில் மட்டும் நோயுள்ளவர் பிறருக்கு அதனைப் பரப்புவதில்லை. சுவாசப்பையிலும் நோய் உண்டா என்பதை மட்டும் வைத்தியர் சோதித்தறிவார். அவருடைய தட்டையும் கோப்பையையும் ஒதுக்கிவைப்பதிற் பொருளில்லை. அவரை ஒதுக்கிவைப்பது அநியாயம். இது பாவத்தின் பயனுமன்று, பரம்பரைக் குறையுமன்று. ஒரு கிருமி, அதற்கு மருந்து உண்டு. அவ்வளவே.

தடுப்பதற்கும் வழிகள் உள. நம் நாட்டிற் பிறக்கும் குழந்தைகளுக்கு ஏற்றப்படும் பீ.சீ.ஜீ. ஊசி, சிறு பிராயத்திற் காசநோய் உடலெங்கும் பரவிக் கொடிய வடிவெடுப்பதைத் தடுக்க உதவுகின்றது. பசுவின் காசநோய் பாலின் வழியே மனிதரை அடையக்கூடும். ஆதலின் பாலைக் காய்ச்சியே பருகவேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ள எவரும் சளியைச் சோதித்துக்கொள்ளவேண்டும். ஒருவரின் சுவாசப்பை குணமாகும்பொழுது, அவ்வீட்டுக் குழந்தையின் முள்ளந்தண்டும் காப்பாற்றப்படுகின்றது.

நேயர்களே, இலங்கையில் அரசாங்க மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்கள் மாவட்டந்தோறும் இயங்குகின்றன. காசநோய்க்கான சோதனையும் மருந்தும் அங்கே இலவசம். முன்னோர் ஆண்டுக்கணக்காகச் சாந்துப் படுக்கையில் கிடந்து பெறமுடியாத சுகத்தை, இன்று நாம் நடந்து திரிந்தபடியே பெறலாம். உங்கள் வீட்டிலோ அயலிலோ வாரக்கணக்காக முதுகு நோவென்று சொல்லும் ஒருவர் இருந்தால், இரவில் அலறும் குழந்தை ஒன்று இருந்தால், குனியாமல் நாணயத்தை எடுக்கும் சிறுவன் ஒருவன் இருந்தால், எண்ணெய்ப் போத்தலைத் தேடுமுன் அவர்களை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். கூன் விழுமுன் செல்லுங்கள்.